பறித்ததை வைத்துக்கொண்டு பாவமன்னிப்பா?

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2024 மார்ச்சில் வெளியான ஒரு பேட்டியில், உக்ரைன்மேல் ரஷ்யா நடத்தும் போரைப் பற்றிக் கேட்டபோது, வெள்ளைக்கொடி பிடித்துப் பேச்சுவார்த்தைக்குப் போகும் துணிவைப் பாராட்டிப் பேசினார். உக்ரைன் கத்தோலிக்கர்கள் துடித்துப்போனார்கள். பங்கில் மறைக்கல்வி எடுக்கும் எனக்கு அவர்மேல் உள்ள பாசம் குறையவில்லை. ஆனால் அந்தப் பேச்சை மட்டும் ஏற்க முடியவில்லை. பிறகு, போரை நிறுத்த 2025 நவம்பரில் அமெரிக்கா முன்வைத்த 28 அம்சத் திட்டம், தோனெட்ஸ்க் மாநிலத்தில் உக்ரைன் அப்போதும் தன் கையில் வைத்திருந்த பகுதியையும் காலிசெய்யச் சொன்னபோது மனம் கொதித்தது.

புதுநன்மை வாங்கும் பிள்ளைகளுக்கு நாங்கள் என்ன சொல்லிக்கொடுக்கிறோம்? அடுத்தவன் பொருளை எடுத்தால், சாமியாரிடம் போய்ச் சொன்னால் மட்டும் போதாது, திருப்பிக் கொடுக்கவும் வேண்டும். ஒரு பையன் கேட்டான்: "பாக்ஸை மட்டும் குடுத்துட்டு கலர் பென்சிலை நானே வச்சுக்கிட்டா சரியாயிடுமா மிஸ்?" கேட்கும்போதே ஆகாது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. நற்செய்தியில் வரும் சக்கேயுவும் ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்ற பிறகுதானே, அந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்றார் இயேசு!

நிலம்தானே, கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் என்ன என்கிறார்கள். அந்த நிலத்தில் கோவில் இருக்கிறது, பங்கு மக்கள் இருக்கிறார்கள். அசோவ் கடற்கரையில் பெர்டியான்ஸ்க் என்றொரு துறைமுக நகரம். ரஷ்யப் படை பிடித்த பிறகும் மக்களை விட்டுப் போகாமல் இருந்த கிரேக்கக் கத்தோலிக்கக் குருக்கள் இவான் லெவிட்ஸ்கி, போஹ்தான் ஹெலெட்டா இருவரையும் 2022 நவம்பரில் பிடித்துக்கொண்டு போனார்கள். வத்திக்கானின் முயற்சியால் 2024 ஜூனில்தான் வெளியே வந்தார்கள். ஆக்கிரமிக்கப்பட்ட ஸபோரிஷியா பகுதியில் அவர்களுடைய திருச்சபைக்கே தடை. ஏழைகளுக்குச் சோறு போடும் காரித்தாஸுக்கும் தடை. அந்தத் திருச்சபைக்கு இது முதல் அடியும் இல்லை. ஆயர்கள் சிறையில் கிடக்க, 1946இல் லிவிவ் நகரில் ஒரு மன்றத்தைக் கூட்டி அதை ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையோடு சேர்த்துவிட்டது சோவியத் அரசு. நாற்பது வருஷத்துக்கு மேல் ஒளிந்து ஒளிந்துதான் திருப்பலி வைத்தார்கள். கையெழுத்து ஒன்றில் இத்தனை பேரையும் மறுபடி அந்த ஒளிவு வாழ்க்கைக்கே தள்ளிவிடலாம்.

புனித அகுஸ்தீனார் 'கடவுளின் நகரம்' நூலில், கொள்ளைக்காரர்களும் தங்கள் கூட்டத்துக்குள் சமாதானத்தைத்தான் விரும்புவார்கள் என்கிறார். அடி விழாமல் இருப்பதை மட்டும் சமாதானம் என்றால், அடங்கிப்போன அடிமை வீட்டிலும் அது உண்டு. கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்பதும் உக்ரைனுக்குத் தெரியும். 1994இல் புடாபெஸ்டில் அணு ஆயுதங்களைத் துறக்க ஒப்புக்கொண்டபோது, அதன் எல்லைகளை மதிப்போம் என்று ரஷ்யாவும் அமெரிக்காவும் பிரிட்டனும் எழுதிக் கொடுத்தன. 2014இல் கிரிமியா அதே ரஷ்யாவின் கைக்குப் போனது.

ஒவ்வொரு நாளும் உயிர் போகிறதே, அதை நிறுத்த வேண்டாமா? வேண்டும். இந்தக் கேள்வி என்னையும் தூங்கவிடுவதில்லை. இனித் தாங்க முடியாது என்று உக்ரைன் மக்களே முடிவெடுத்தால், குறைசொல்ல நான் யார்? பிள்ளைகளைப் புதைத்தவர்கள் அவர்கள். ஆனால் ஆயுதம் தருவதை நிறுத்திவிடுவோம் என்று மிரட்டி அவர்களிடம் வாங்கும் சம்மதம் பாவம். அடிபட்டவன் சார்பில் மூன்றாமவன் மன்னிப்புக் கொடுக்க நம் மறையில் இடமில்லை.

ஞாயிறு மன்றாட்டு எழுதுகிறவர்களே, "போர் நிற்க வேண்டி" என்று எழுதுங்கள். கூடவே, பறித்தவர்கள் திருப்பிக் கொடுக்கும் மனம் பெற வேண்டியும் ஒரு வரி எழுதுங்கள்.