வறண்ட நாட்களின் அகவல்

வடலூர் சத்திய ஞான சபையில் தைப்பூசத்தன்று ஜோதியை மறைக்கும் ஏழு திரைகளும் விலகும். அன்றைய கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். மற்ற மாதப் பூசங்களில் ஆறு திரைகளைத்தான் விலக்குவார்கள். எனக்கு இந்த மாதப் பூசக்காரர்கள் மேல்தான் மதிப்பு அதிகம். முழுதும் திறக்காது என்று தெரிந்தே வந்து நிற்கிறார்கள். நெய்வேலியில் ஷிப்ட் முடித்த கையோடு வருபவர்களும் உண்டு.

என் வழிபாடும் இப்போது அப்படித்தான். வள்ளலார் பாடிய, 1596 அடி கொண்ட அருட்பெருஞ்ஜோதி அகவலில் தினமும் ஒரு பகுதி ஓதுவேன். முன்பெல்லாம் சில அடிகளிலேயே நெஞ்சு இளகிவிடும். இப்போது வாய் ஓதுகிறது, உள்ளே ஒன்றும் அசைவதில்லை.

"மனசு ஒட்டலன்னா எதுக்குடா இதை இழுத்துப் புடிச்சிக்கிட்டு இருக்க?" என்றார் அக்கா. கடவுள் சோதிக்கிறார் என்றார் சன்மார்க்க அன்பர் ஒருவர். இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. சோதனை என்று எடுத்துக்கொண்டால், தேறியதும் என்ன கிடைக்கும் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

வள்ளலார் செய்த காரியங்களின் வரிசையில்தான் எனக்குப் பிடி கிடைத்தது. பசித்தவர்களுக்குச் சோறிடும் சத்திய தருமசாலையில் அவர் அடுப்பு மூட்டியது 1867 மே 23. ஞான சபையில் முதல் ஜோதி தரிசனம் 1872 ஜனவரி 25. ஜோதிக்கு நாலரை ஆண்டுகளுக்கு மேல் முந்தியது அடுப்பு! அது இன்றுவரை அணையவில்லை. ஜீவகாருண்யமே கடவுள் வழிபாடு என்று சொன்னவர் அவர். தருமசாலைப் பந்தியில் பரிமாறுகிறவருக்கு அன்று மனம் உருகியதா, வறண்டு கிடந்ததா என்று யாரும் கேட்பதில்லை. எப்படி இருந்தாலும் இலையில் விழுந்த சோறு பசியை ஆற்றிவிடுகிறது. ஓதுவதும் அப்படிப் போய்ச் சேரும் என்று நான் நம்புகிறேன். போய்ச் சேர்ந்ததற்கு என் சிலிர்ப்புதான் சாட்சி என்று நினைத்திருந்தேன், அது அவசியமில்லை.

தம் நெறியைக் கொள்வார் இல்லையே என்று வள்ளலாரும் நொந்திருக்கிறார். ஆனாலும் 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பம் சித்தி வளாகத்தில் கொடியேற்றி, கூடியிருந்தவர்களிடம் விரிவாகவே பேசினார். கேட்க வந்தவர்களுக்கு ஒன்றையும் குறைக்கவில்லை.

ஆகவே ஓதுவதை நான் நிறுத்தவில்லை. நெஞ்சு இளகுகிறதா என்று நடுவில் நிறுத்திப் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டேன். பழைய இளக்கம் திரும்பி வந்தால் மகிழ்ச்சிதான். வராவிட்டாலும் நாளைக்கு எந்த அடியில் தொடங்க வேண்டும் என்பது தெரியும். புத்தகத்தில் நூல் வைத்திருக்கிறேன்.