இடர்க்காலமும் எண்ணெய்க் கலயமும்

மத்தேயு நற்செய்தியிலே ஒன்றோடொன்று முரண்படுவனபோலத் தோன்றும் இரு போதனைகள் உள்ளன. ஆறாம் அதிகாரம் நாளைய தினத்தைப் பற்றிக் கவலை கொள்ளுதலை விலக்குகின்றது. இருபத்தைந்தாம் அதிகாரமோ, போதிய எண்ணெயை முன்கூட்டியே எடுத்துச் செல்லாத கன்னியர் ஐவரைக் கதவுக்கு வெளியே நிறுத்துகின்றது. நாளையை எண்ணாதவன் எண்ணெயை எங்ஙனம் சேமிப்பான்? இடர்க்காலத்துக்கென ஆன்மிக ஆயத்தஞ் செய்தலைப் பற்றிப் பேசுவோர் இவ்வினாவை எளிதிற் கடந்துவிட முடியாது.

உரோமாபுரியில் வாழ்ந்த செனேக்கா முதலிய ஸ்தோயிக்க அறிஞர், நாடு கடத்தல், நோய், போர் என வரக்கூடிய துன்பங்கள் யாவற்றையும் முன்னரே மனத்தில் நிகழ்த்திப் பார்க்கும்படி அறிவுறுத்தினர். வீரம் மிக்க நெறிதான். ஆயினும் வாராத துன்பத்தையும் ஒருமுறை அனுபவித்துத் தீர்க்குமாறு அது மனிதனைப் பணிக்கின்றது. உவமையிலே வரும் கன்னியர் ஆபத்தை எதிர்பார்த்து எண்ணெய் கொண்டு சென்றவரல்லர். மணவாளனை எதிர்பார்த்துச் சென்றவர்கள். அவர்களைச் சோதித்தது அவன் வரத் தாமதித்ததே. இன்னும், அவ்வெண்ணெய் இரவல் கொடுக்கக்கூடியதாகவும் இருக்கவில்லை. இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால், நாடோறும் செபித்துப் பழகிய மனம் ஒருவருக்கு வாய்க்கலாமேயன்றி, அதனை நள்ளிரவில் அயலவரிடம் வாங்கிக்கொள்ள இயலாது. எனவே, விலக்கப்பட்டது நாளையைப் பற்றிய கலக்கம். வேண்டப்பட்டது இன்றைய ஒழுங்கு. இரண்டும் முரண்படுவனவல்ல.

இதற்கு நம் மண்ணிலேயே சான்றுண்டு. 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய பின்னர் கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்தம் வழிபாடும் தடைசெய்யப்பட்டது. போர்த்துக்கேயர் ஆட்சியில் அரச ஆதரவை நாடி மதம் மாறியோர் பலர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு ஆட்சி மாற்றம் பெருஞ் சங்கடமாக அமைந்திராது. ஆனால், குருவுமின்றிப் பலிபூசையுமின்றி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தாக்குப்பிடித்தோரும் இருந்தனர். கோயிலைப் பறிக்கலாம், சிறுவயதில் மனனஞ் செய்த செபத்தை எவ்வாணையாலும் பறிக்க முடியாது. வரவிருந்த தடையை அறிந்து அவர்கள் அவற்றைக் கற்றாரல்லர். மாலையில் வீட்டார் கூடிச் செபமாலை சொல்வது வழக்கமாயிருந்தமையாற் சொன்னார்கள், அவ்வளவே.

1687 இல் கோவாவிலிருந்து யோசேவாஸ் முனிவர் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தபோது, தம்மை வெளிப்படுத்தவும் இயலாமல், கத்தோலிக்கர் யாவர் என வினவவும் இயலாமல் கழுத்திலே செபமாலையை அணிந்து கொண்டு வீடு வீடாகச் சென்றார். அதைக் கண்டு முகம் மாறியோரை வைத்தே தம்மவரை இனங்கண்டார். சில்லாலை அவர்தம் பணிக்கு நிலைக்களமாயிற்று. பின்னர், 1692 இல் கண்டியில் ஒற்றரென ஐயுற்றுச் சிறையிடப்பட்ட வேளையிலும் அவர் சிங்களம் கற்றார். 1697 இல் அந்நகரிற் பெரியம்மை பரவிப் பலரும் நோயாளரைக் கைவிட்டு ஓடியபோது, அவர் மதம் பாராது அவர்களைப் பராமரித்தார்.

எனினும், உறுதியாய் நின்றோரை மட்டும் போற்றுதல் நேர்மையாகாது. ஒல்லாந்தர் ஆட்சியில் திருமணமும் பிள்ளைகளின் ஞானஸ்நானமும் அவர்தம் கோயிற் பதிவேட்டில் இடம்பெற்றாலன்றிச் சொத்துரிமைக்கே இடர் நேரும். பிள்ளையின் காணியைக் காக்கும்பொருட்டு அங்கே பெயர் பதிந்துவிட்டு, வீட்டிலே பழைய செபத்தைச் சொன்ன தந்தை எக்கன்னியரைச் சேர்ந்தவன்? அவனுடைய விளக்கு அணைந்துவிட்டதென்று கூறுவோர், மங்கி எரியும் திரியை அணையாதவரெனக் கிறிஸ்துவைப் பற்றி அதே மத்தேயு பன்னிரண்டாம் அதிகாரத்திற் கூறுவதையும் படித்தல் வேண்டும். யோசேவாஸ் இரவு வேளைகளிலே இரகசியமாகப் பாவசங்கீர்த்தனம் கேட்டபோது, அவர்முன் வந்து முழந்தாளிட்டோருள் அத்தகைய தந்தையரும் இருந்திருப்பர்.