ஐந்து வீடும் பதினெட்டுத் தொட்டியும்

நம் இயக்கத்தின் பண்பாட்டு முகாம்களில் ‘போதுமென்ற மனம்’ பற்றிப் பேசாத ஆண்டே கிடையாது. பேச்சாளர் கொஞ்சம் படித்தவராக இருந்தால் ‘அபரிக்கிரகம்’ என்ற சொல்லும் வந்துவிடும். தேவைக்கு மேல் பற்றி வைத்துக்கொள்ளாமை என்று பொருள். பதஞ்சலி சொல்லும் ஐந்து யமங்களில் அது கடைசி. எனக்கு அந்தச் சொல்மேல் மரியாதை உண்டு. ஆனால் அதை யாரிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக்கூடாது என்று ஒரு கணக்கு இருப்பதாக நினைக்கிறேன். அந்தக் கணக்கைப் போட வைத்தவை எங்கள் வீட்டுக் கார் போர்ச்சில் இருக்கும் 18 தொட்டிகள்.

தொட்டிகள் பாட்டியுடையவை. வெண்டை, மிளகாய், கத்தரி, பசலை, கிரில் கம்பியில் ஏறும் ஒரு பாகல். போன வருடம் வரைக்கும் பாட்டிக்குத் தொட்டி தேவைப்படவில்லை, கொல்லையே இருந்தது. எங்கள் தாமானுக்குப் பின்னால், உயர் அழுத்த மின்கம்பி போகும் பாதைக்குக் கீழே, ஒன்பது குடும்பங்கள் ஆளுக்கொரு துண்டாகப் பயிரிட்டு வந்த இடம். யாரிடமும் கிராண்ட் கிடையாது. ஈப்போவைச் சுற்றி இந்த மாதிரிக் கொல்லைகள் நிறைய உண்டு. காரில் போகிறவர்கள் புதர் என்று நினைத்துக் கடந்து போவார்கள்.

பாட்டிக்கு 74 வயது. முட்டி வலி. வாளியைத் தூக்கிக்கொண்டு சாக்கடை தாண்ட முடியவில்லை. ஒருநாள் தானாகவே முடிவெடுத்து, பக்கத்துத் தெரு மக்சிக்கிடம் கொல்லையைக் கொடுத்துவிட்டார். மாமாவுக்குக் கோபம். “விட்டுட்டா திரும்பக் கிடைக்குமாம்மா? சும்மா வேலி போட்டு வச்சிருக்கலாம்ல?” என்றார். பாட்டி, “நான் தண்ணி ஊத்தாத நெலம் எனக்கெதுக்குப்பா? அந்தம்மா ரெண்டு வருசமா எடம் கேட்டுக்கிட்டே இருக்கு” என்றதோடு பேச்சை முடித்துக்கொண்டார். முகாமில் நான் கேட்ட எல்லா உரைகளையும்விட இது எனக்கு அபரிக்கிரகத்தை நன்றாகப் புரியவைத்தது. வைத்துக்கொள்ள முடியும், வைத்துக்கொள்ளவில்லை.

ஆனால் பாட்டியின் நிலம் சுருங்கியது அது இரண்டாவது தடவை. முதல் தடவை வேறு மாதிரி நடந்தது.

1990களின் நடுப்பகுதி வரை அவர்கள் குடும்பம் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தது. தாத்தா, பாட்டி இருவரும் பால் மரம் வெட்டியவர்கள். லயத்துக்குப் பின்னால் ஓடைவரைக்கும் காய்கறிக் கொல்லை: மரவள்ளி, சேம்பு, புடலைப் பந்தல், மூன்று முருங்கை, ஒரு மாமரம். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஆடிக் கூழுக்கு முருங்கைக்கீரை எங்கள் வீட்டிலிருந்துதான் போகும் என்று பாட்டி இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். பிறகு தோட்டம் கைமாறியது. ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள். ஆறு மாத அவகாசம். வேலை செய்த வருடங்களுக்குப் பணம் வந்தது. மரங்களுக்கு ஒரு காசும் வரவில்லை. பாட்டி நட்டு, தண்ணீர் ஊற்றி, 22 வருடம் காய் பறித்த மரங்கள்.

வரைபடத்தில் போட்டால் இரண்டும் ஒரே கோடு. கொல்லை பெரிதாக இருந்தது, சின்னதானது, கடைசியில் தொட்டிக்கு வந்தது. முடிவை மட்டும் பார்க்கிறவர் இரண்டுக்கும் ஒரே பெயர் வைப்பார்: எளிமை. நான் மறுப்பது இந்த ஒரே பெயரைத்தான்.

தோட்ட மக்களின் கொல்லை என்பது யாரோ இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்த மூலை என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி முழுதும் சொல்லிவிட முடியாது. பேராக்கும் சேர்ந்திருந்த ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பமுள்ள தொழிலாளிக்குப் பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஒரு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கச் சொன்னது. சட்டம் சொன்னது எல்லாத் தோட்டத்திலும் நடந்ததா என்பது வேறு கதை. அளவை மட்டும் பாருங்கள். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. பதினாறில் ஒரு பங்கு ஏறக்குறைய 2,722 சதுர அடி. இருபதுக்கு அறுபது மனையில் கட்டிய நம் மலிவு விலைத் தரைவீடு மொத்தமே 1,200. அடுக்குமாடி என்றால் 650 சதுர அடி. அதாவது ஒரு கூலித் தொழிலாளிக்குக் கீரை போட காலனி ஆட்சி எழுதி வைத்த இடத்தில், இன்று அவர் பேரப்பிள்ளைகளின் நான்கு வீடுகள் அடங்கும். கால்குலேட்டரில் இதை இரண்டு முறை தட்டிப் பார்த்தேன்.

வெள்ளைக்காரன் நல்லவன் என்று சொல்ல வரவில்லை. தொழிலாளி தோட்டத்திலேயே தங்க வேண்டும், சம்பளத்தை உயர்த்தாமலே வயிறு நிறைய வேண்டும் என்ற கணக்கு அதில் உண்டு. இருந்தாலும் அந்தக் கொல்லைகள் உயிர் காத்தன. ஜப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லாதபோது நம் மக்கள் மரவள்ளியைத் தின்று பிழைத்தார்கள்.

மரத்துக்கு ஏன் காசு வரவில்லை என்று சட்டம் படிக்கும் நண்பனிடம் கேட்டேன். 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தைத் திறந்து காட்டினான். ‘நிலம்’ என்றால் என்ன என்று விளக்கும் இடத்திலேயே, அதில் வளரும் செடிகொடிகளும் நிலத்தில் அடங்கும் என்று இருக்கிறது. அவற்றை விளைவிக்க அவ்வப்போது மனித உழைப்பு தேவைப்பட்டாலும் சரி, தேவைப்படாவிட்டாலும் சரி. படித்ததும் எனக்குப் பாட்டியின் முருங்கை ஞாபகம் வந்தது. சட்டத்தின் கண்ணில் அது தானாக முளைத்த கோரைப்புல்லுக்குச் சமம்.

இந்த இடத்தில் நம் ஆட்கள் கீதையை எடுத்துவிடுவார்கள். பலனை எதிர்பாராதே, கடமையைச் செய். மரம் வைப்பது உன் கடமை, காய் யாருக்குப் போனால் என்ன? ஒரு மூத்தவர் என்னிடம் நேராகவே இப்படிச் சொன்னார். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் கீதை சொல்லப்பட்டது எப்போது என்று நாம் யோசிப்பதில்லை. அதற்குச் சில நாள் முன்புதான் அதே கண்ணன் துரியோதனன் சபைக்குத் தூது போய் நிலம் கேட்டு நின்றான். பாதி நாட்டில் ஆரம்பித்த பேச்சு, ஐந்து ஊருக்கு இறங்கியது. நம் தமிழ்க் கதைசொல்லிகள் இன்னும் ஒரு படி இறக்கி, ஐந்து வீடாவது கொடு என்று கேட்க வைத்தார்கள். ஊசி முனை நிலமும் இல்லை என்று பதில் வந்தது.

பாண்டவர்கள் இறங்கி வந்தார்கள், உண்மை. சண்டை வேண்டாம் என்று தாங்களாக இறங்கினார்கள். அது பெருந்தன்மை. ஆனால் ஒன்றுமே இல்லை என்றானபோது கண்ணன் திரும்பி வந்து, “போதுமென்று இருங்கள், பலனை எதிர்பார்க்காதீர்கள்” என்று தருமனுக்குச் சொல்லவில்லை. பற்றின்மையைப் போதித்தவனே நிலம் கேட்டுப் போனவன். இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தவை என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். பற்றை விடு என்பதை ஒருவன் தன் மனத்திடம் சொல்லிக்கொள்ளலாம். பறிகொடுத்தவனிடம் பக்கத்தில் நிற்கிறவன் அதைச் சொல்லும்போது, பறித்தவனுக்குத்தான் அது உதவுகிறது.

இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அடுக்குமாடிகளில் வீட்டுக்கு ஐந்து நாற்றுப் பை கொடுக்கும் திட்டம் ஒன்றை எங்கள் வட்டாரக் குழு பேசி வருகிறது. நல்ல திட்டம். 1974இல் துன் அப்துல் ரசாக் பசுமைப் புத்தகத் திட்டம் கொண்டுவந்தபோதும் வீட்டைச் சுற்றிக் காய்கறி போடத்தான் சொன்னார். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்த முதல் வாரங்களில் கேமரன் மலையில் காய்கறி குப்பைக்குப் போனது, கீழே நாம் விலை கேட்டு மலைத்து நின்றோம். கைக்கெட்டும் தூரத்தில் நாலு மிளகாய்ச் செடி இருப்பது நல்லதுதான். பாட்டி பீப்பாயில் மழைத்தண்ணீர் பிடித்தே சமாளிக்கிறார். பத்து சதுர மீட்டர் கூரை இருந்தால் ஈப்போ மழைக்கு வருடத்துக்கு 20,000 லிட்டருக்கு மேல் விழும். (பீப்பாய்க்கு வலை மூடி கட்டாயம். ஏடிஸ் கொசு வந்தால் அபராதம் நமக்குத்தான்.)

நான் கூட்டத்தில் எதிர்த்தது நிகழ்ச்சி நிரலில் இருந்த ஒரு வரியை: நாற்று வழங்கும் முன் ‘எளிய வாழ்வு’ பற்றி அரைமணி நேர உரை. அந்த ஃபிளாட்டில் இருக்கும் பாதிக் குடும்பங்கள் தோட்டத்திலிருந்து வந்தவை. ஐந்து நாற்றுப் பையை அவர்கள் ஆசையைக் குறைத்துத் தேர்ந்தெடுக்கவில்லை, ஐந்தாம் மாடி நடைபாதையில் அவ்வளவுதான் வைக்க முடியும். அவர்களுக்குப் போதுமென்ற மனத்தைப் பற்றி, மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கும் 22 வயதுப் பையன்கள் நாங்கள் சொல்லிக்கொடுப்பதா? வேண்டுமானால் அவர்கள் எங்களுக்குச் சொல்லட்டும். பாகல் கொடிக்குச் சாம்பல் எப்போது போடுவது என்றும் சேர்த்துச் சொல்லட்டும்.

உரை நிரலிலிருந்து எடுக்கப்பட்டது, சிலருக்கு வருத்தம்தான். அதற்குப் பதில் வேறொரு வரி சேர்ந்தது. ஃபிளாட்டுக்கு எதிரே இருக்கும் கோயிலின் பின்புறம் காலியாகக் கிடக்கிறது, திருவிழாவுக்குப் பந்தல் கழிகளை அடுக்கி வைப்பதோடு சரி. அதில் பாதியைக் கொல்லை போட விடுவீர்களா என்று நிர்வாகக் குழுவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். முழு இடமும் கேட்டோம் முதலில். பிறகு பாதி என்று திருத்தினோம். பதில் இன்னும் வரவில்லை. பாட்டி 100 மிளகாய் நாற்று தயார் செய்து வைத்திருக்கிறார், இடம் கிடைத்தால் மரவள்ளிக் குச்சியும் தருவாராம். தொட்டியில் மரவள்ளி வராது.