மானி மாறினால் வண்டி மாறுமா?

மெல்பர்ன் ஃபிஷர்மன்ஸ் பெண்டில் 1948 நவம்பர் 29 அன்று பிரதமர் பென் சிஃப்லி அறிமுகப்படுத்திய முதல் ஹோல்டன் காரின் வேகமானி மைலில்தான் கணக்குச் சொன்னது. 1974 ஜூலையில் ஆஸ்திரேலியச் சாலைப் பலகைகள் கிலோமீட்டருக்கு மாறின. பழைய கார்களைப் பேணுவோருக்கு அன்றிலிருந்து ஒரு கேள்வி: மானியை மாற்றலாமா?

கைவேலை எளிது. பேட்டரி இணைப்பை எடுத்து, கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிளையும் திருகுகளையும் கழற்றினால் போதும்.

மனவேலைதான் கடினம்: உறுப்பு மாறினால் அது அதே வண்டிதானா? மிலிந்த மன்னனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் தேரைப் பிரித்துப் பிரித்துக் கேட்டார்: அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எதுவும் இல்லை, எல்லாம் கூடியதற்கு வழங்கும் பெயரே தேர். ஆழமான வாதம். ஆனால் அந்தத் தேரில் ஓடிய தூரத்தைக் காட்டும் உறுப்பு இல்லை. சக்கரத்தை மாற்றினால் வண்டியின் கடந்தகாலம் அழியாது; வேகமானியோடு சேர்ந்த ஓடோமீட்டரை மாற்றினால் அதன் சாட்சியே போய்விடுகிறது. எல்லா உறுப்பும் சமம் என்று இங்கே சொல்ல முடியாது.

ஓடோமீட்டரைத் திரிப்பதை நியூ சவுத் வேல்ஸ் சட்டம் குற்றமாகவே பார்க்கிறது. பழுதானதை மாற்றுவது வேறு, மறைப்பது வேறு. வள்ளுவர் வாய்மைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். சிட்னியில் பழைய காரை விற்பவர் கழற்றிய மானியின் எண்ணையும் மாற்றிய தேதியையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதி, வாங்குபவர் கையில் கொடுக்க வேண்டும்.