கடமையைக் கைமாற்றலாமா? அவசர மின்பிறப்பாக்கிகளின் பராமரிப்பு ஒப்பந்தம் குறித்து ஓர் ஒழுக்கவியல் நோக்கு

மனிதன் செய்யும் தொழில்களுட் பெரும்பாலானவை தம் பயனைத் தாமே காட்டி நிற்பன. நெல் விளைந்தால் உழவு தெரிகிறது. சுவர் எழுந்தால் கட்டியவன் கை தெரிகிறது. பயன் கண்ணுக்குப் புலப்படாத தொழில்களும் உள. வைத்தியசாலைகளிலும் நீரேற்று நிலையங்களிலும் அரச செயலகங்களிலும், மின்சாரம் தடைப்படும் வேளையில் மட்டும் இயங்குதற்கென நிறுவப்பட்டுள்ள மின்பிறப்பாக்கிகளை எந்நேரமும் ஆயத்தமாக வைத்திருக்கும் தொழில் அவற்றுள் ஒன்று. ஆண்டின் பெரும்பாலான நாள்களில் அவ்வியந்திரம் பின்புறக் கொட்டிலொன்றில் வாளா கிடக்கும். அதனைப் பேணுபவர் தம் கடமையைச் செய்தனரா இல்லையா என்பது அந்நாள்களில் எவருக்கும் தெரியாது. தெரியவரும் நாளிலோ திருத்துதற்கு நேரம் இராது. இத்தகைய தொழிலை ஒப்பந்தத்தின் மூலம் பிறரிடம் ஒப்படைக்கும்போது எது கைமாறுகிறது, எது கைமாறாது நிற்கிறது என்பதே ஈண்டு ஆராயப்படும் வினாவாகும்.

இதனை மாத்தளை மாவட்டத்தை முன்வைத்து நோக்குதல் பொருத்தமுடைத்து. அம்மாவட்டம் மின்சாரத்தை நுகர்வது மட்டுமன்றி விளைவிப்பதுமாகும். பொல்கொல்லையில் மறிக்கப்படும் மகாவலி நீர் மலையைக் குடைந்த சுரங்கவழியே வந்து உக்குவளையில் 1976 முதல் மின்னாகிறது. அதற்குக் கீழே போவதென்னையில் 1981 முதலும், மொறகஹகந்தையில் 2018 முதலும் நீர் சுழலிகளைச் சுழற்றுகிறது. ஆயினும் தேசிய மின்வலையமைப்பு ஒருங்கே வீழும்போது உற்பத்தி நிலையத்தின் அயலில் இருப்பவர் வீடும் இருள்கிறது. 2020 ஓகஸ்ற் 17 ஆம் நாள் கெரவலப்பிட்டி உப மின்நிலையத்தில் நேர்ந்த பிழையால் நாடு முழுவதும் பல மணிநேரம் இருளில் மூழ்கியது. 2025 பெப்ரவரி 9 ஆம் நாள் நேர்ந்த நாடளாவிய மின்தடைக்குப் பாணந்துறை உப மின்நிலையத்துட் புகுந்த குரங்கொன்று காரணமெனக் கூறப்பட்டது. (குரங்கு எவ்வொப்பந்தத்திலும் கையொப்பமிட்டதன்று, ஆதலின் அதன்மீது பழிசுமத்துதல் எவருக்கும் எளிது.) நாடு முழுவதும் ஒளியோடிருக்கும் நாளிற்கூட, மலைச்சரிவில் மரமொன்று மின்கம்பியின்மேல் வீழ்ந்தாற் போதும், ரத்தோட்டை, எல்கடுவைப் பக்கத்துத் தோட்டங்கள் இருண்டுவிடும். அவ்வாறானதோர் இரவில் லயத்திலிருந்து பிரசவ வேதனையோடு கொண்டுவரப்படும் பெண், வைத்தியசாலையில் மின்பிறப்பாக்கி உண்டென்பதையும் அறியாள்; அதற்கொரு ஒப்பந்தம் உண்டென்பதையும் அறியாள். எனினும் அவ்வொப்பந்தத்தின் உண்மையான பயனாளி அவளே.

இயந்திரத்தின் இயல்பை அறியாது அதனைப் பற்றிய அறத்தைப் பேசுதல் வீண். மின்சாரம் நின்றவுடன் தன்னியக்க மாற்று ஆளி அதனை உணரவேண்டும். பற்றரி இயந்திரத்தை முடுக்கவேண்டும். சுழற்சி சீரானதும் வைத்தியசாலையின் மின்சுமை அதன்மேல் ஏறவேண்டும். உயிர்காக்கும் பகுதிகளுக்கு 10 செக்கனுள் மின்சாரம் மீளவேண்டும் என்பது அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் நியமம். இச்சங்கிலியில் முதலில் அறுவது பெரும்பாலும் மிகச் சிறிய கண்ணியாகிய பற்றரியே. பல நூறு கிலோவாற்று வலுவுடைய இயந்திரமும் பற்றரி முனையிற் படிந்த உப்பினால் ஊமையாகிவிடும். டீசலும் தேங்கிக் கிடந்தாற் கெடும். தாங்கியின் உட்சுவரில் ஒடுங்கும் நீர் அடியிற் சேர, அதில் நுண்ணுயிர்கள் பெருகி வடிகட்டியை அடைக்கும். இவையெல்லாவற்றினும் வியப்புக்குரியது, இயந்திரத்தைச் சுமையின்றி அடிக்கடி ஓட்டுவதும் அதற்குத் தீங்கு என்பதாகும். சுமையற்று ஓடும் டீசல் இயந்திரம் போதிய வெப்பத்தை அடையாது. எரியாத எரிபொருளும் கரியும் அதன் புகைவழியில் ஈரமாய்ப் படியும். ஆதலினாலேயே மாதம் ஒருமுறை, குறைந்தது 30 நிமிடத்துக்கு, குறித்த வலுவின் 30 சதவீதத்துக்குக் குறையாத சுமையுடன் ஓட்டுமாறு மேற்கூறிய நியமம் விதிக்கிறது.

ஒழுக்கவியற் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. உண்மையான சுமையுடன் சோதிப்பதென்றால் வைத்தியசாலைக்கு வரும் மின்சாரத்தை வேண்டுமென்றே துண்டிக்கவேண்டும். சத்திரசிகிச்சைக் கூடம் ஒழிந்திருக்கும் வேளையைத் தேரவேண்டும்; விடுதித் தாதியருக்கு முன்னறிவித்தல் வேண்டும்; செயற்கைச் சுவாசக் கருவிகளின் உட்பற்றரிகள் தாங்குமா எனப் பார்க்கவேண்டும்; ஆய்வுகூடத்தின் வேலையை நிறுத்தவேண்டும். சோதனையின்போது ஏதும் பிழைத்தால் அதற்கு அனுமதி அளித்த வைத்திய அத்தியட்சகரே விடைகூற வேண்டியவராவார். இவற்றுள் ஒன்றையேனும் ஒப்பந்தகாரர் தாமாகச் செய்தல் இயலாது. எனவே இரு தரப்பாருக்கும் இலகுவான வழியொன்று தானாகவே உருவாகிறது. தொழில்நுட்பவியலாளர் வருவார், இயந்திரத்தைச் சுமையின்றிப் பத்து நிமிடம் ஓட்டுவார், எண்ணெய் பார்ப்பார், தூசு துடைப்பார், படிவத்தில் 'நன்னிலையில் உள்ளது' என எழுதுவார். வைத்தியசாலையில் ஒருவர் எதிரொப்பமிடுவார். கணக்காய்வுக்கு வருபவர் படிவங்கள் ஒழுங்காக உள்ளன எனக் குறித்துச் செல்வார். இவர்களுள் எவரும் பொய் கூறினாரல்லர். இயந்திரம் ஓடியது உண்மை. எண்ணெய் இருந்ததும் உண்மை. ஆயின் 'நன்னிலையில் உள்ளது' என்ற தொடரை நம்பி ஒரு நோயாளி மேசையிற் படுக்கும்போது அத்தொடர் பொய்யாக இருக்கக்கூடும். பொய்யர் எவருமின்றியே ஒரு பொய் பிறந்துவிடுகிறது. தனிமனிதர் ஒவ்வொருவரதும் மனச்சாட்சியை மட்டும் அளவுகோலாகக் கொள்ளும் அறநூல் இதனைக் காண்பதற்கே வழியில்லை.

சட்டம் இதனை எவ்வாறு நோக்கும்? இலங்கையின் பொதுச் சட்டமாகிய உரோம-டச்சுச் சட்டம் கூலி ஒப்பந்தங்களை இருவகையாகப் பிரிக்கும். ஒருவகையில் மனிதன் தன் உழைப்பை வாடகைக்குக் கொடுக்கிறான். மற்றையதில் ஒரு வேலையை முடித்துத் தருவதாக ஏற்றுக்கொள்கிறான். நாட்கூலிக்கு வருபவன் முதல்வகை. வீடு கட்டித் தருபவன் இரண்டாம் வகை. மின்பிறப்பாக்கிப் பராமரிப்பு இவற்றுள் எது? ஆண்டுக்கு நான்கு வருகை, வருகைக்கு இவ்வளவு ரூபா என எழுதப்படும் ஒப்பந்தம் உழைப்பை வாங்குகிறது. வைத்தியசாலைக்கு வேண்டியதோ உழைப்பன்று, ஆயத்தநிலை. அவ்வாயத்தநிலையை வீட்டைப்போல முடித்துத் திறப்பைக் கையளிக்கவும் முடியாது. இன்று காலை சோதித்துக் கையளிக்கப்பட்ட ஆயத்தம் இன்று மாலையே குறையத் தொடங்குகிறது. ஆகவே எந்நாளும் முடிவுறாத ஒன்றை, முடிந்ததெனக் கணக்கெழுதி விலைகொடுத்து வாங்கும் விசித்திரம் இவ்வொப்பந்தங்களில் உள்ளுறைந்து கிடக்கிறது.

மேலும், ஒப்பந்தம் இயந்திரத்தைப் பெயர்சொல்லிக் குறிக்கிறது. ஆபத்து சங்கிலி முழுவதையும் தேடி வருகிறது. 2012 ஒக்டோபரில் 'சாண்டி' சூறாவளி நியூயோர்க்கைத் தாக்கியபோது பெல்வியூ வைத்தியசாலையின் மின்பிறப்பாக்கிகள் வெள்ளம் எட்டாத 13 ஆம் மாடியில் பத்திரமாக இருந்தன. எரிபொருளை மேலேற்றும் பம்பிகளோ நிலக்கீழ் அறையில் இருந்து வெள்ளத்தில் மூழ்கின. ஊழியர்கள் இருண்ட படிக்கட்டில் வரிசையாய் நின்று எரிபொருளைக் கைக்குக்கை மாற்றி மேலே கொண்டுசென்றனர். இயந்திரத்தைப் பேணியவர் தம் ஒப்பந்தத்தைக் குறைவறச் செய்திருந்தாலும் விளைவு அதுவே.

'செய்பவன்', 'செயலுக்குரியவன்' என்னும் வேறுபாட்டைத் தோமஸ் ஹொப்ஸ் 1651 இல் வெளிவந்த 'லெவியதன்' என்னும் நூலில் விளக்கினார். பிறர் தந்த அதிகாரத்தாற் செய்பவன் மேடை நடிகனை ஒப்பான். செயல் அதிகாரம் தந்தவனுக்கே உரியது என்பது அவர் கருத்தின் சாரம். இதனைக் கொண்டு நோக்கின், ஒப்பந்தகாரரின் கை செய்தாலும் செய்யாது விட்டாலும் கடமைக்குரியது பொது நிறுவனமே எனலாம். இம்முடிவு பெரிதும் சரியானதே, ஆயினும் முழுமையானதன்று. நடிகனுக்குத் தெரியாததைக் கதையாசிரியன் அறிவான். இங்கோ நிலைமை தலைகீழானது. இயந்திரத்தை அறிந்தவர் ஒப்பந்தகாரர். அவரை ஏவும் வைத்தியருக்கு நோய் தெரியும், சுழலியின் சத்தம் தெரியாது. வள்ளுவர் தெரிந்துதெளிதல் என்ற அதிகாரத்தை வைத்து, அதன்பின்னரே தெரிந்துவினையாடலை வைத்தார். ஆராய்ந்து தெளிந்தபின் வினையை ஒப்படைக்கும் முறை அது. தன்னிலும் மிக்கறிந்தவரை எவ்வாறு ஆராய்வது? ஆளை ஆராய முடியாதவிடத்து இயந்திரத்தை ஆராயலாம். அரைமணிநேரச் சுமைச்சோதனைக்குச் சாட்சியாய் நிற்பதற்குப் பொறியியற் பட்டம் வேண்டுவதில்லை. மின்விளக்கு எரிகிறதா, எத்தனை செக்கனில் எரிந்தது எனக் காணும் கண்ணே போதும்.

பொறுப்பு ஏன் இவ்வளவு எளிதிற் கரைகிறது என்பதற்கு டெனிஸ் தொம்சன் என்னும் அமெரிக்க அறிஞர் 1980 இல் ஒரு பெயரிட்டார்: பல கைகளின் சிக்கல். பலர் கூடி ஆக்கிய தீங்கில் எவர் பங்கும் தண்டிக்கத்தக்க அளவுக்குப் பெரிதாய் இராது. மதுரை இராஜாஜி அரசு மருத்துவமனையில் 2019 மே மாதம் 7 ஆம் நாள் மழைக்காற்றில் மின்சாரம் நின்றபின், செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளர் இறந்தபோது, மாற்று மின்சாரம் கிடையாமையே காரணமென உறவினர் குற்றஞ்சாட்டினர். அவர்கள் ஏற்கனவே கடும் நிலையில் இருந்தவர்கள், மின்தடை காரணமன்று என நிர்வாகம் மறுத்தது. இவ்வழக்கில் யார் கூற்று உண்மை எனத் தீர்ப்பது இக்கட்டுரையின் வேலையன்று. கவனிக்கவேண்டியது பிறிதொன்று. மின்பிறப்பாக்கியை நம்பியிருப்பவர் இயல்பாகவே மரணத்துக்கு அருகில் இருப்பவர். ஆகவே இயந்திரம் பிழைக்கும்போது நேரும் மரணத்துக்கு எப்போதும் வேறொரு காரணம் ஆயத்தமாக இருக்கும். மரணச் சான்றிதழில் நோயின் பெயர் இருக்கும். பற்றரியின் பெயர் ஒருநாளும் இராது.

பராமரிப்பை ஒப்பந்தத்துக்கு விடுவதே பிழை, பண்டுபோல ஊரார் கூடிச் செய்தலே அறம் என்பார் உளர். அவர்கள் குளங்களைச் சான்று காட்டுவர். தம்புள்ளை, கலேவெலைப் பக்கத்துக் கிராமக் குளங்களின் கட்டுகளும் வாய்க்கால்களும் முற்காலத்தில் ஊரார் உழைப்பாற் பேணப்பட்டன. தமிழ்நாட்டுக் குடிமராமத்தும் அதனை ஒத்ததே. 1832 இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டபின் அப்பேணுகை குலைந்ததென வரலாற்றாசிரியர் பலர் கூறுவர். 1856 ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச்சட்டம் பழைய வழமைகளுக்கு மீண்டும் உயிர்கொடுக்க முயன்றது. ஆயின் இராசகாரியம் சாதிவழி வந்த கட்டாய உழைப்பு என்பதை மறத்தலாகாது. கூலிபேசி, மறுக்கும் உரிமையோடு வேலை ஏற்பவன் அக்கட்டாயத்திலிருந்து விடுபட்ட மனிதன். ஒப்பந்தத்தைப் பழிப்பவர் இவ்விடுதலையையும் சேர்த்துப் பழிக்கின்றனர். குளத்திலிருந்து கொள்ளத்தக்கது வேறு: கட்டு உடைந்தால் முதலில் வரளும் வயல் எவனுடையதோ அவனே கட்டைப் பார்த்துவந்தான். மின்பிறப்பாக்கியில் இவ்விணைப்பு அறுந்து கிடக்கிறது. பார்ப்பவர் ஒருவர், பாதிக்கப்படுபவர் முற்றிலும் வேறொருவர்.

விலையைப் பற்றியும் ஒருசொல். 2006 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட அரச பெறுகை வழிகாட்டி, குறைந்த விலையைக் கண்ணைமூடிக்கொண்டு ஏற்கச் சொன்னதில்லை. நிபந்தனைகளுக்குப் போதியளவு இணங்கிய கேள்விகளை மதிப்பிட்டு அவற்றுட் குறைந்ததைத் தெரியச் சொன்னது. ஆகவே பிழை பெரும்பாலும் நிபந்தனையை எழுதும் மேசையிலேயே பிறக்கிறது. வருகைகளின் எண்ணிக்கையை மட்டும் கேட்டால் வருகைகளே கிடைக்கும். கொழும்பிலோ கண்டியிலோ இருக்கும் நிறுவனத்துக்கு மாத்தளை நகர் ஒருநாட் பயணம்; ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் கணவாய் ஏறி இறங்கி லக்கலைக்குச் செல்வது அதனினும் கடினம். தொலைவிலுள்ள சிறு வைத்தியசாலைக்கும் நகரிலுள்ள பெரியதற்கும் ஒரே விலையிற் கேள்வி கோரினால், குறையும் வருகை எதுவாயிருக்கும் என்பதை ஊகித்தல் கடினமன்று. நாட்காட்டிப்படி வருவதிலும் ஓர் ஏமாற்றம் உண்டு. எண்ணெய் மாற்றவேண்டிய காலம் பல டீசல் இயந்திரங்களுக்கு ஏறக்குறைய 250 மணிநேர ஓட்டம். நாடு எரிபொருளின்றித் தவித்த 2022 மார்ச்சின் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. அத்தகைய வெட்டு இருபது நாள் நீடித்தாலே அவ்வளவு நிறைந்துவிடும். மூன்று மாதத்துக்கொருமுறை வருபவர் வரும்போது இயந்திரம் நான்குமுறை எண்ணெய் கேட்டுக் களைத்திருக்கும்.

அப்படியாயின் நிறுவனம் தன் கையில் வைத்துக்கொள்ள வேண்டியது எது? திருகாணியும் வடிகட்டியும் பிறரிடம் போகலாம். சோதனைக்கு ஆணையிடுவதும், சோதனையின்போது அருகில் நிற்பதும், பெறுபேற்றை எழுதுவதும் போகலாகாது. கையொப்பம் களஞ்சியப் பொறுப்பாளருடையதாக இருப்பதைவிட, அம்மின்சாரத்தை நம்பி வேலைசெய்யும் விடுதித் தாதியுடையதாக இருத்தல் நன்று. குளத்துக் கமக்காரனின் இடத்தில் இருப்பவர் அவரே. ஏற்கனவே வேலைச்சுமையால் நலிந்த தாதியர்மேல் இன்னுமொரு புத்தகத்தை ஏற்றுவதா என்னும் மறுப்பு நியாயமானதே. அதற்கு விடை, அவர் செய்யவேண்டிய வேறு படிவங்களுள் ஒன்றைக் குறைப்பதேயன்றி இதனை விடுவதன்று. மாதச் சோதனைகளுட் சிலவற்றையேனும் இரவில் நடத்தவேண்டும் என்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. பகலில் இருப்பவரும் இரவுக்கடமையில் இருப்பவரும் வேறுவேறு ஆட்கள். கொட்டிலின் திறப்பு எந்த ஆணியில் தொங்குகிறதென்பதை அறிந்தவர், பெரும்பாலும், நான்கு மணிக்கு வீடு செல்பவர்.