எதிரே நிற்பவர்

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரம். வாசலுக்கு எதிரே ஒரு கல்லூரி மாணவர், தன் முதல் குறும்படத்துக்காகக் கேமராவுடன் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உழைப்பின் சோர்வைக் காட்ட வேண்டும் என்று தாளில் எழுதி வைத்திருக்கிறார். வருகிறவர்களோ சிரித்துப் பேசியபடி வருகிறார்கள். ஒருவர் கேமராவைக் கண்டதும் தலைமுடியைச் சரிசெய்துகொள்கிறார். காட்சி கெட்டுவிட்டதே என்று மாணவர் வருந்துகிறார். உண்மையில் கெட்டது எது?

சினிமா பிறந்தபோதே இது நேர்ந்திருக்கிறது. 1895-இல் லூமியேர் சகோதரர்கள் லியோன் நகரில் தங்கள் தொழிற்சாலை வாசலைப் படமெடுத்தார்கள். தொழிலாளர்கள் வெளியேறும் அந்தக் காட்சி ஒரு நிமிடம்கூட ஓடாது. அதையே திரும்பவும் எடுத்தார்கள். மூன்று வடிவங்கள் இன்றும் இருக்கின்றன. பிறகு எடுத்ததில் பலர் ஞாயிற்றுக்கிழமைக்கென்று வைத்திருந்த நல்ல உடுப்பில் வருகிறார்கள். அதைப் பொய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. தன்னை உலகம் பார்க்கப்போகிறது என்று அறிந்த மனிதருக்கு, எப்படித் தோன்ற வேண்டும் என்பதில் சொந்த விருப்பம் இருக்கத்தானே செய்யும்?

நம் மொழியில் இந்தக் கேள்வியை நெருங்கித் தொட்டது ஒரு திரைப்படக் கல்லூரி மாணவரின் முதல் படம். அடையாறில் பயின்ற ருத்ரய்யா 1978-இல் தந்த ‘அவள் அப்படித்தான்’ அது. ஒளிப்பதிவு செய்த நல்லுசாமியும் ஞானசேகரனும் அதே கல்லூரியில் படித்தவர்கள். வண்ணப் படங்கள் பெருகிவிட்ட காலத்தில் கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள். கதைக்குள்ளும் ஒருவன் படமெடுக்கிறான். கமல்ஹாசன் ஏற்ற அருண், பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கச் சென்னைக்கு வருகிறான். நல்லெண்ணம் உள்ளவன், கேள்விகளோடு வந்தவன். ஆனால் அவனுக்கு உதவும் மஞ்சு, ஸ்ரீப்ரியா வாழ்ந்து காட்டிய மஞ்சு, அந்தக் கேள்விகளுக்குள் அடங்கவில்லை. பெண்களைப் புரிந்துகொள்ள வந்தவனுக்குப் பக்கத்தில் இருக்கும் பெண்ணின் காயம் முழுதாக எட்டவில்லை. படமெடுக்கப் பயின்று வந்தவர்கள், கேமரா பிடித்தவனையே விசாரணைக்கு நிறுத்தினார்கள் என்பது இன்றும் எனக்குப் பெரும் வியப்பு.

லென்ஸும் ஒளியும் ஒலியும் பழகப் பழகக் கைவந்துவிடும். அவற்றை விடக் கடினமான பாடம் ஒன்று முதல் முயற்சியிலேயே நம் முன் வந்து நிற்கிறது. நாம் மனத்தில் தீட்டி வைத்த மனிதரும் நம் எதிரே நிற்கும் மனிதரும் ஒருவரல்லர். இந்த இடைவெளியைக் குறையென்று எண்ணி அவரை நம் எண்ணத்துக்கு ஏற்ப வளைக்கும்போது படம் ஒருவேளை அழகாக அமைந்துவிடலாம். ஆனால் பிறர் வாழ்க்கை நம் கருத்துக்குச் சான்று சொல்வதற்காக நடந்துகொண்டிருக்கவில்லை என்பதையும், அதற்கென்று ஓர் இரகசியமும் ஒரு மறுப்பும் உண்டு என்பதையும், அந்த மறுப்பின் முன் நம் தீர்ப்பைச் சற்றே தாழ்த்திக்கொள்ளும் கணத்தில்தான் பார்வை என்பது பசியிலிருந்து விடுபட்டு அறிவாகிறது என்பதையும் நாம் இழந்துவிடுகிறோம். பிள்ளைகளை வளர்க்கையிலும், துணையோடு வாழ்கையிலும், அண்டை வீட்டாரை மதிப்பிடுகையிலும் நாம் செய்வது வேறென்ன?

ருத்ரய்யா இயக்கத்தில் அதன்பின் வெளிவந்தது 1980-இன் ‘கிராமத்து அத்தியாயம்’ மட்டுமே. ஆனாலும் மஞ்சுவைப் பற்றி நம் வாதம் ஓயவில்லை. அவளைப் பற்றிய முடிவை அந்த இளைஞர்கள் தாமே சொல்லிவிடாமல் நம்மிடம் விட்டுவிட்டார்கள்.