காய்ந்தபின் தெரியும் நிறம்

தனியார் பல்கலைக்கழகத்தில் கலை, வடிவமைப்புப் படிப்பு பெரும்பாலும் நான்கு ஆண்டுகள். நுண்கலைக்கு பி.எஃப்.ஏ., வடிவமைப்புக்கு பி.டெஸ். பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதாது. நுழைவுத் தேர்வு, போர்ட்ஃபோலியோ, நேர்காணல் என்று பல நிறுவனங்கள் வடிகட்டித்தான் சேர்க்கின்றன. சென்னை, கும்பகோணம் அரசுக் கவின்கலைக் கல்லூரிகளில் ஆயிரங்களில் முடிந்துவிடுகிற ஆண்டுக் கட்டணம் இங்கே லட்சங்களில் இருக்கிறது. படம் போடக் கற்றுக்கொள்ள இவ்வளவு பணமா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பது விவரம் தெரியாததால் அல்ல. அது பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி.

கலைக்கல்வியில் தனியார் முயற்சி புதிதல்ல. சென்னைக் கவின்கலைக் கல்லூரியே அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850இல் தனி ஆளாகத் தொடங்கிய பள்ளிதான். இரண்டே ஆண்டுகளில் அரசு அதை ஏற்றுக்கொண்டது. வடிவமைப்புக் கல்வியோ அரசின் கையில் பிறந்தது. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1958இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது. 1969இல் பம்பாய் ஐ.ஐ.டி.யில் தொழில் வடிவமைப்பு மையம், 1986இல் ஆடை வடிவமைப்புக்கான நிஃப்ட். பெங்களூரின் சிருஷ்டி போன்ற தனியார் நிறுவனங்கள் பெருகியது தொண்ணூறுகளிலும் அதற்குப் பின்னும். அரசு நிறுவனம் என்றால் மலிவு என்றும் இப்போது சொல்வதற்கில்லை. தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலும் நிஃப்டிலும்கூடக் கட்டணம் லட்சங்களில்தான்.

இந்தப் பணம் எதற்குப் போகிறது? மென்பொருள் கற்க அல்ல. அதை இணையத்தில் காசில்லாமலே கற்றுக்கொள்ளலாம். விடை முதலாண்டு ஃபவுண்டேஷன் பயிற்சியில் கிடைக்கிறது. துறை பிரிவதற்கு முன் எல்லாருக்கும் கோடு, நிறம், பொருள் என்று கற்பிக்கிற இந்த முறைக்கு 1919இல் ஜெர்மனியில் தொடங்கிய பௌஹௌஸ் பள்ளி முன்னோடி. வெள்ளையிலிருந்து கறுப்புவரை பத்துப் படிகளைப் போஸ்டர் கலரில் தீட்டச் சொல்வார்கள். ஒரு மணி நேர வேலைபோலத் தோன்றும். ஆனால் ஈரத்தில் சரியாக இருந்த சாம்பல் காய்ந்ததும் மாறிவிடும். வெளிர் நிறம் சற்றுக் கருக்கும், அடர் நிறம் சற்று வெளுக்கும். இரண்டாம் கட்டமும் மூன்றாம் கட்டமும் ஒன்றாகிப் போகும். மறுபடி கலந்து, மறுபடி தீட்டி, காயக் காத்திருக்க வேண்டும். காய்ந்தபின் எப்படி இருக்கும் என்பதை ஈரத்திலேயே கண் கண்டுபிடிக்கும்வரை தாள்கள் குப்பைக்குப் போகும். இதை வீட்டில் தனியாகவும் செய்யலாம்தான், யாரும் செய்வதில்லை. பக்கத்து மேசையில் இன்னொருவர் அதே சாம்பலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதுதான் ஆளை உட்கார வைக்கிறது.

அடுத்தது ஜூரி. பருவ முடிவில் வேலைகளைச் சுவரில் குத்திவைத்து, ஆசிரியர்களுக்கும் வெளியிலிருந்து வந்தவர்களுக்கும் மாணவர் விளக்க வேண்டும். ‘பார்க்க நல்லா இருக்கு’ என்பது அங்கே எடுபடாது. இந்தக் கைப்பிடி இடக்கைக்காரருக்கு எப்படி ஒத்துவரும், இந்த எழுத்தை முதியவர் கண்ணாடியில்லாமல் படிப்பாரா என்று கேள்விகள் வரும். பள்ளி ஓவியப் போட்டிகளில் பரிசாகவே வாங்கிப் பழகியவர்களுக்கு இது சுருக்கென்று தைக்கும். மாணவரை அழவைப்பதே நல்ல ஜூரி என்று நினைக்கிற ஆசிரியர்களும் உண்டு. அவர்களிடம் தப்பிப்பதும் பாடத்திட்டத்தில் எழுதாத ஒரு பாடம்.

கைவினைகளை ஆவணப்படுத்த மாணவர்கள் ஊர்களுக்கும் போகிறார்கள். பத்தமடையில் கோரையை மெல்லிய இழையாகக் கிழித்துப் பாய் நெய்பவர் சொல்லித்தருவதற்குக் கட்டண ரசீது கிடையாது. மாணவர் கட்டுகிற லட்சங்களில் அவருக்கு என்ன பங்கு என்ற கேள்வி சேர்க்கைக் கையேடுகளில் எழுவதில்லை.

சிக்கல் பட்டம் வாங்கியபின் வருகிறது. வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 7.5 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்பார்கள். படிப்பு முடிந்து ஓராண்டுவரை தவணை கட்ட வேண்டாம். வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். ஒரு கலைஞருக்குத் தன் கை எது என்று பிடிபடத் தொடங்குவதோ கல்லூரியை விட்டு வந்த முதல் சில ஆண்டுகளில்தான். பார்க்கப் பழகக் கட்டிய பணமே, பழகிய கண்ணோடு தன் போக்கில் அலைய வேண்டிய காலத்தை எடுத்துக்கொள்கிறது. தவணை கட்டச் சம்பளம் வேண்டும், அது செயலி வடிவமைப்பு போன்ற வேலைகளில் கிடைக்கிறது. செயலி வடிவமைப்பு மட்டமான வேலை அல்ல, விரும்பிப் போகிறவர்கள் ஏராளம். ஆனால் சிற்பம் படித்தவர் தவணைக்காக அங்கே போவதைத் தேர்வு என்று சொல்வது கடினம்.

சென்னைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் 1966இல் சென்னையை அடுத்த கடற்கரையில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தபோது, பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களை விற்றுச் செலவைச் சமாளித்தார்கள். மிச்ச நேரத்தில் ஓவியமும் சிற்பமும் செய்தார்கள். மாதத் தவணை பாக்கியோடு வந்திருந்தால் கடற்கரை மணலில் அப்படிக் குடியேறியிருப்பார்களா என்பது சந்தேகமே.

சேர்வதென்று முடிவானால், முகப்புக் கட்டடத்தை விட்டுப் பட்டறைகளைப் பார்ப்பது நல்லது. மரவேலைக் கூடமும் சூளையும் அச்சுக்கூடமும் வகுப்பு முடிந்தபின் திறந்திருக்கின்றனவா, ஆசிரியர்களில் எத்தனை பேர் இன்னும் தம் வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று விசாரிக்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பது ஐந்து நிமிட வேலை. நான்காம் ஆண்டு மாணவர் ஒருவரைத் தனியாகப் பிடித்து, தாள், வண்ணம், மடிக்கணினி, கண்காட்சி அச்சு ஆகியவற்றுக்குக் கட்டணத்துக்கு வெளியே எவ்வளவு போனது என்று கேட்டால், கையேட்டில் இல்லாத தொகையும் தெரிந்துவிடும்.